வன்தட்டில் விட்டுவைக்கும் இடம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

ஓடும் இயந்திரம் என்றேனும் ஒருநாள் பழுதாகும், வன்தட்டும் அப்படியே. பல தட்டுகளை அணியாகப் பிணைத்து, ஒன்று போனாலும் தகவல் போகாமல் காக்கும் முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். 1988இல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரின் கட்டுரையால் இப்பெயர் பரவிற்று. லினக்ஸில் தனிக் கருவி ஏதுமின்றி, 'எம்டிஅட்ம்' என்னும் நிரலைக் கொண்டே இவ்வணியை அமைக்கலாம்.

சென்ற ஆண்டு இராமேசுவரத்தில் ஒரு புகைப்பட நிலையத்தில் பகுதிநேர வேலை பார்த்தேன். இரு தட்டுகளிலும் ஒரே தகவலை எழுதும் 'ரெய்டு 1' அணியை அங்கு அமைத்தவன் நானே. இடம் வீணாகக் கூடாதென்று இரண்டு ஒரு டெராபைட் தட்டுகளையும் முழுவதுமாக அணிக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் மாதம் ஒரு தட்டு நின்றது. புதிதாக வாங்கிய ஒரு டெராபைட் தட்டை, அளவு போதாதென்று அணி ஏற்க மறுத்தது! பெரிய தட்டு வந்துசேர மூன்று நாளாயிற்று. அதுவரை ஊராரின் திருமணப் படங்கள் ஒற்றைத் தட்டை நம்பிக் கிடந்தன. எனக்கோ உறக்கமில்லை.

காரணம் என்ன? தட்டின் இடம் 512 பைட் கொண்ட துண்டங்களாக எண்ணப்படுகிறது. ஒரு டெராபைட் தட்டில் பெரும்பாலும் 195,35,25,168 துண்டங்கள் இருக்கும், சிலவற்றில் குறையும். மேலட்டை ஒன்றே, அளவு வேறு.

பரிகாரம் எளிது. தொடக்கத்திலேயே ஒவ்வொரு தட்டின் கடைசியிலும் 100 மெகாபைட் விட்டுப் பகிர்வு அமைத்து, அப்பகிர்வுகளைக் கொண்டு அணி கட்ட வேண்டும். இழப்பு பதினாயிரத்தில் ஒரு பங்கே. முன்பே நிரப்பிவிட்ட அணியானால், முதலில் நகல் எடுத்து, பிறகு கோப்பு முறைமையைச் சுருக்கி, அதன் பின்னரே அணியைச் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் தகவல் அழியும்.

இன்னொரு ஒதுக்கீடும் உண்டு. இரண்டையும் குழப்பக் கூடாது. 'எக்ஸ்ட்4' கோப்பு முறைமை 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென ஒதுக்குகிறது. ஒரு டெராபைட்டில் இது 50 ஜிகாபைட்! தட்டு நிரம்பினாலும் இயங்குதளம் திணறாதிருக்க இது உதவும். மாற்றுத் தட்டைப் பொருத்த உதவாது. படங்கள் மட்டும் உள்ள அணியில் 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையால் இதை 1 விழுக்காடாகக் குறைக்கலாம்.

நடந்ததை மீன்பிடித் தொழில் செய்யும் என் தந்தையாரிடம் சொன்னேன். "கரைக்கு வர்ற டீசலை எடுத்து வெச்சிட்டுத்தானே தம்பி மிச்சத்துல தொழில் பாக்குறோம்?" என்றார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் அவர். இப்போது அந்நிலையத்தின் அணியில் 100 மெகாபைட் காலியாகக் கிடக்கிறது. தவறி அழித்த படம் இரு தட்டிலும் அழியும் என்பதால், தனி நகலும் எடுத்து வைத்திருக்கிறோம்.