அரை டன்னைத் தாங்கும் மரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் பெரிய தொட்டி வாங்குபவரிடம், கூடவே இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். "மரம் வேண்டாம் சார், தாங்காது" என்பார்கள். மரத்தில்தான் செய்வேன் என்று உறுதியாக நிற்பவருக்கு வேறு அறிவுரைகள் வந்து சேரும். தேக்கு போடு, காலைத் தடிமனாக வை, அடியில் தெர்மாகோல் போடு, எல்லாம் சரியாகிவிடும். இவற்றில் பாதி, கவலைப்பட வேண்டாத இடத்தில் நம்மைக் கவலைப்பட வைக்கின்றன. முறையாகச் செய்த மர ஸ்டாண்ட் எடைக்கு அஞ்சாது. தொட்டிக்கு ஆபத்து முறுக்கிலும் பக்கவாட்டு ஆட்டத்திலும் ஈரத்திலும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நிற்கும் சுமையிலும் இருக்கிறது.

எடையைக் கணக்கிட்டுக்கொண்டு தொடங்கலாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி 12 கன அடி. விளிம்புவரை நிரப்பினால் 340 லிட்டர், அதாவது 340 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி என்றால் தொட்டி மட்டும் 65 கிலோ. இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பும் கூழாங்கல் ஏறக்குறைய 45 கிலோ. மொத்தம் 450 கிலோ. மரத்தின் சொந்த எடையையும் சேர்த்தால் தரைக்குப் போவது அரை டன். 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடித் தொட்டியில் தண்ணீரே 680 லிட்டர். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 900 கிலோவை நெருங்கும்.

நம்பிக்கை: இத்தனை எடைக்குத் தேக்கு அல்லது இரும்புதான்.

தேக்கு நல்ல மரம், ஐயமில்லை. ஆனால் அதன் பெருமை வேறு. கரையான் எளிதில் அண்டாது, ஈரத்துக்கும் வெயிலுக்கும் அதிகம் திருகாது, நீண்ட நாள் உழைக்கும். வளையாமல் விறைப்பாக நிற்பதில் அது எல்லா மரங்களையும் மிஞ்சியதல்ல. வேங்கை போன்ற நாட்டு மரங்களும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். மரத்தின் பெயரைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும். வெளிப்புற வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சி முதலில் துளைக்கும். மற்றொன்று, நன்கு உலர்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த சட்டம், தொட்டி ஏறிய பிறகுதான் காயத் தொடங்கும், காயும்போது திருகும். விலை உயர்ந்த பச்சைத் தேக்கைவிட உலர்ந்த நாட்டு மரம் எவ்வளவோ மேல்.

இரும்பும் குறையில்லாதது அல்ல. வெல்டிங் சூட்டில் சட்டம் இழுபடும். நான்கு மூலையும் ஒரே தளத்தில் இல்லாத ஸ்டாண்டுகள் சந்தையில் உண்டு. பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு ஏறும், கடல்நீர்த் தொட்டியாக இருந்தால் இன்னும் வேகமாக.

நம்பிக்கை: கால் எவ்வளவு தடிமனோ, ஸ்டாண்ட் அவ்வளவு உறுதி.

செலவும் உழைப்பும் மிக அதிகமாக வீணாவது இங்கேதான். நேராக நிற்கும் மரத்தை, அதன் இழை ஓடும் திசையிலேயே அழுத்தினால் அது தாங்கும் எடை பிரமிக்க வைக்கும். 3 அங்குலச் சதுரக் கால் ஒன்று, இரண்டரை அடி உயரத்தில், இரண்டு டன்னுக்கு மேலேயே தாங்கும். நான்கு கால்களுக்கு நம் 450 கிலோ ஒரு பொருட்டே அல்ல. தோற்பது மேலே படுத்திருக்கும் நீளச் சட்டம்தான்.

அந்தச் சட்டத்தின் விறைப்பை அதன் உயரமே தீர்மானிக்கிறது. 4 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டத்தைப் படுக்கையாக வைக்காமல் நிறுத்தி வைத்தால், அதே மரம், அதே விலை, விறைப்பு மட்டும் நான்கு மடங்கு. நீளம் இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். ஓர் அடிக்கு விழும் எடை ஒன்றாகவே இருந்தாலும், 4 அடிக்குப் போட்ட சட்டத்தையே 6 அடிக்கும் போட்டால் வளைவு ஐந்து மடங்காகும். அதனால் 6 அடி ஸ்டாண்டுக்கு மூலைக் கால்களைப் பருமனாக்குவதில் பயனில்லை. முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு கால் கூடுதலாக வைத்தால் போதும். அழகுக்காக நடுக்காலை விட்டுவிட்டு அகலக் கதவு கேட்பவர்கள், சட்டத்தின் உயரத்தை 6 அங்குலத்துக்கோ அதற்கு மேலோ கூட்டத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்து, எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பாருங்கள். மேல்சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் ஒட்டி நான்கு ஸ்க்ரூ போட்டால், அரை டன்னும் அந்த ஸ்க்ரூக்களின் தலையில் விழும். ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூவாக இருந்தால் இன்னும் மோசம். கடினமானது, வளையாமல் பட்டென்று ஒடியும். காலின் உச்சியில் படி வெட்டி, சட்டத்தை அதன்மேல் உட்கார வையுங்கள். மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும். ஸ்க்ரூவும் போல்ட்டும் அதை நகராமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. நம் பழைய தச்சர்கள் துளையும் கழுந்தும் போட்டுக் கோத்த கட்டில்களும் மேசைகளும் ஆணியை நம்பாமல் நின்றது இந்த முறையால்தான்.

நம்பிக்கை: கனமான தொட்டி ஏறிவிட்டால் ஆடாது.

தீப்பெட்டியின் மேலுறையை மட்டும் எடுத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சப்பையாகச் சாய்ந்துவிடும். வெறும் கால்களும் சட்டங்களும் மட்டும் உள்ள ஸ்டாண்டும் அப்படித்தான் சாயப் பார்க்கும். மேலே எடை கூடக் கூட, சாயத் தொடங்கினால் நிறுத்துவது கடினமாகும். குழந்தை ஓடிவந்து மோதுவது, தரை துடைக்கும்போது மாப் இடிப்பது எல்லாம் பக்கவாட்டு விசைகள்தான். காலின் தடிமன் இதற்கு உதவாது. பின்பக்கம் முழுவதும் 12 மி.மீ. பிளைவுட்டைப் பசை போட்டு, வரிசையாக ஸ்க்ரூ அடித்து மூடுங்கள். இரண்டு பக்கங்களுக்கும் அப்படியே செய்யுங்கள். ஆட்டம் நின்றுவிடும். ஃபில்டர் குழாய்க்குத் துளை வேண்டுமானால் பலகையின் நடுப்பகுதியில் போடலாம், மூலைகளைத் தொட வேண்டாம்.

நம்பிக்கை: நாலு பேர் ஏறி நின்று பார்த்தோம், அசையவே இல்லை.

நாலு பேர் சேர்ந்தால் 280 கிலோ. தொட்டி 450. அதைவிட முக்கியம், அவர்கள் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். தொட்டி பத்தாண்டு இறங்காது. மரத்துக்கு இந்த வேறுபாடு பெரியது. அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகம் 1951-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கட்டடப் பொறியாளர்கள் இன்றும் ஒரு வளைகோட்டைப் பயன்படுத்துகிறார்கள். சில நிமிடச் சோதனையில் மரம் காட்டும் வலுவில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் பத்தாண்டு தொடரும் சுமைக்கு நம்பலாம் என்று அது சொல்கிறது. வளைவும் நாள்பட வளரும். உலர்ந்த மரத்தில் முதல் நாள் வளைவு ஒன்றரை மடங்காகும், பச்சை மரத்தில் இரட்டிப்பாகும் என்று கணக்கு வைப்பது வழக்கம். இன்றைக்கு 2 மி.மீ. தொய்ந்த சட்டம் நாளைக்கு 3 மி.மீ. தொய்யும். சட்டம் விலகினாலும் அதன்மேல் நீண்டிருக்கும் அடிக்கண்ணாடி கூடவே வளைந்து கொடுக்காது. தேவைக்கு மிஞ்சிய விறைப்போடு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம்பிக்கை: மேடுபள்ளம் இருந்தால் தெர்மாகோல் பார்த்துக்கொள்ளும்.

பாதி உண்மை. அடிக்கண்ணாடி முழுவதும் பலகையில் பதியும் தொட்டிகளுக்குக் கீழே தெர்மாகோலோ ஃபோமோ வைப்பது நல்ல பழக்கம். மணல் துகள், ஸ்க்ரூ முனை, பலகையின் சிறு பிசிறு ஆகியவை கண்ணாடியைக் குத்தாமல் காக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. நான்கு மூலைகளில் ஒன்று தூக்கியிருந்தால், தொட்டி மூன்று மூலைகளில் பாரத்தை வைத்து முறுக்கிக்கொள்ளும். தெர்மாகோல் அதைக் கண்ணிலிருந்து மறைக்கும், சரிசெய்யாது. சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் போட்டு, அடிக்கண்ணாடி பலகையைத் தொடாமல் சற்று மேலே நிற்கும் தொட்டிகளுக்கு இதை வைக்கவே கூடாது. அங்கே எடை விளிம்பில் இறங்க வேண்டும். நடுவில் ஃபோம் முட்டினால் கண்ணாடி விரிசல் விடும்.

மட்டமும் சமதளமும் வேறு வேறு. ஸ்டாண்ட் முழுவதும் ஒரு பக்கம் இம்மி சாய்ந்திருந்தால் தண்ணீர்க் கோடு சாய்வாகத் தெரியும், பெரிய ஆபத்தில்லை. முறுக்கு அப்படியல்ல. ரசமட்டம் ஒன்றே இதைக் காட்டாது. எதிரெதிர் மூலைகளை இணைத்து இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டுக்கொண்டால் தளம் சரி. இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ முறுக்கு இருக்கிறது. தரையின் குறையைக் காலுக்கு அடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே எதையும் செருகாதீர்கள்.

நம்பிக்கை: மரைன் பிளை போட்டால் தண்ணீர் ஒன்றும் செய்யாது.

ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டின் பசை கொதிநீரிலும் விடாது, உண்மை. ஆனால் வெட்டிய ஓரம் ஈரத்தைக் குடிக்கும். வெட்டிய ஒவ்வொரு விளிம்புக்கும், ஒவ்வொரு துளையின் உள்வாய்க்கும் எபாக்சியோ பாலியூரித்தேனோ இரண்டு கை பூசுங்கள். பசையிலும் கவனம் தேவை. சாதாரண வெள்ளைப் பசை தொடர்ந்த ஈரத்தில் இளகும். நீர் தாங்கும் வகையை, உதாரணமாக ஃபெவிகால் மரைனைக் கேட்டு வாங்குங்கள். பார்ட்டிக்கிள் போர்டில் செய்த பழைய டிவி ஸ்டாண்ட் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஒருமுறை நனைந்தால் உப்பும், உப்பியது திரும்பாது.

நம்பிக்கை: கான்கிரீட் தளம், எதையும் தாங்கும்.

வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ புழக்கச் சுமைக்கு வடிவமைக்கச் சொல்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 875. நான்கடித் தொட்டியோ அரைச் சதுர மீட்டரைச் சற்றே தாண்டிய இடத்தில் அரை டன்னை இறக்குகிறது. இதைக் கேட்டுப் பதற வேண்டாம். தளம் அந்தச் சுமையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும், அறையின் மற்ற இடங்களில் அவ்வளவு எடை இருப்பதுமில்லை. சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். மாடியில் ஆறடித் தொட்டி என்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள். வெளியே நீட்டிய பால்கனி கூடாது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தரைத்தளம் மட்டுமே சரி.

நம்பிக்கை: சாய்வு தெரிந்தால், நெம்பி ஆப்பு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் நிற்கும்போது ஒரு மூலையை நெம்பினால், முறுக்கு முழுவதும் கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் போகும். அதனால் நிரப்புவதைப் படிப்படியாகச் செய்யுங்கள். கால் பங்கு நிரப்பி, நான்கு மூலைகளிலும் கண்ணாடி விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் மீண்டும், நிறைந்ததும் மீண்டும் அளந்து, மூலைகளுக்கு இடையிலான வித்தியாசம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் எவ்வளவு நேரம் ஆனாலும் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் காலுக்கு அடியில் கை வைக்க வேண்டும். நிறைந்த தொட்டியை மீன் விடாமல் ஒரு வாரம் அப்படியே நிறுத்தி, தினமும் ஒருமுறை அளந்து பாருங்கள்.