குருதி கூறும் குறிப்பும் மறதி நோயும்

முதுமையில் பெயர் மறத்தல் வேறு. பெயருக்குரியவரையே மறத்தல் வேறு. பின்னதனை டெமென்ஷியா என்பர் மருத்துவர். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். செருமானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் அதனை எடுத்துரைத்தபோது, இறந்தவரின் மூளையை நுண்ணோக்கியில் கண்டே சொல்ல முடிந்தது. பிற்காலத்தில் முதுகுத்தண்டு நீரும் பெட் ஸ்கேனும் உயிருடன் இருப்போரிடத்தும் அதனைக் காட்டின. முன்னதற்கு ஊசி வேண்டும். பின்னதற்குப் பெரும்பொருள் வேண்டும்.

இன்று ஒரு குழல் குருதி அப்பணியை ஏற்றுள்ளது. மூளையில் அமிலாய்டு புரதம் படியும்போது, பாஸ்பேட் ஏறிய டௌ புரதமாகிய 'பி-டௌ 217' குருதியில் மிகுகிறது. இத்தகைய சோதனை ஒன்றுக்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 மே மாதத்தில் முதன்முதலாக இசைவளித்தது. 55 வயது நிரம்பி, நோய்க்குறியும் தோன்றியவர்க்கே அஃது உரியது.

குறியே தோன்றாதவர்க்கு வருவது உரைக்குமோ? ஸ்டாக்ஹோமில் டெமென்ஷியா இல்லாத 2,148 முதியோரைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வு 2025இல் வெளியாயிற்று. இத்தகைய புரதங்களின் அளவு தாழ்ந்திருந்தோர்க்குப் பத்தாண்டுக்குள் நோய் வருதல் அரிது என்பது தெளிவாயிற்று. உயர்ந்திருந்தோர்க்கு நோய் வந்தே தீரும் என்பதோ தெளிவாகவில்லை. 'வராது' என்று சொல்ல வல்ல சோதனை, 'வரும்' என்று சொல்வதில் தடுமாறுகிறது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் ஊன்றிக் கருதுதல் வேண்டும்.

இன்னுமொரு சிக்கல் உண்டு. இவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினரை அளந்தவை. 2022இல் அமெரிக்கக் கறுப்பினத்தாரையும் வெள்ளையரையும் இணையிணையாக ஒப்பிட்டபோது, டௌ அளவைக் கொண்ட கணிப்பு கறுப்பினத்தாரிடம் மிகுதியாகப் பிழைத்தது. அமிலாய்டு விகிதம் இருசாராரிடமும் ஒத்து நின்றது. சிறுநீரகம் நலிந்தோரிடம் டௌ அளவு உயர்ந்து தோன்றும்; உடல் பருத்தோரிடம் தாழ்ந்து தோன்றும். இனத்திற்கொரு வரம்பு வகுப்பதினும், சிறுநீரகத்தையும் எடையையும் உடன் நோக்கிக் கணித்தலே முறை என்பது எம் கருத்து.

இந்தியாவில் 60 வயது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டெமென்ஷியா உடையோர் என 2023இல் வெளியான மதிப்பீடு கூறும். பெண்டிரிடத்தும் சிற்றூர்களிலும் இது மிகுதி. எழுத்தறியா மூதாட்டியிடம் எழுதுகோல் கொடுத்து வரையச் சொல்லும் சோதனையினும் குருதி நடுநிலையானதே. ஆயினும் நீரிழிவால் சிறுநீரகம் நலிந்தோர் மலிந்த நாடு இது. உயர்ந்த ஓர் எண்ணைக் கண்டதும் தந்தையின் கையொப்பம் செல்லாது எனப் பிள்ளைகள் துணிந்துவிடின், அத்தீங்கை எவர் மாற்றுவார்? பி12 உயிர்ச்சத்துக் குறைவும் தைராய்டுக் குறைவும் மறதி தருவன, மருந்திற்கு இணங்குவன. அவற்றைக் காட்டும் எளிய குருதிச் சோதனைகள் நம்மூர் ஆய்வுக்கூடங்களில் நெடுநாளாகவே உள்ளன.