ஆமைக்கு வாய்த்த காவல்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. முதுகுவலிக்கு எழுதிக்கொடுத்த ட்ரமடால் மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறது. அது மார்பின் வகை மருந்தாம். அந்த வகை மருந்துகள் ஆக்சிஜன் கிடைக்காதபோது மூளையைக் காப்பாற்றும் என்று படித்தேன். பக்கவாதம் வந்தால் முதலுதவியாக அதைக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: கூடவே கூடாதம்மா. நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதி உண்மை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்பின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளில் முக்கியமானவை மூன்று: மியூ, டெல்டா, கப்பா. மூளையைக் காப்பதில் பெயர் வாங்கியது டெல்டா. அதற்கான சரக்கை நம் உடம்பே தயாரிக்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற விஞ்ஞானிகள் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த என்கெஃபலின்தான் அது.

மூளைச் செல்லை ஓட்டைப் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடியம் ஓயாமல் உள்ளே கசியும். செல் அதை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடம்பு செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. அதில் பெரும்பங்கு இந்த இறைப்பு வேலைக்குத்தான். ஆக்சிஜன் நின்றால் இறைக்க ஆளில்லை. சில நிமிடங்களில் பொட்டாசியம் வெளியேறும், சோடியமும் கால்சியமும் உள்ளே புகும். குளூட்டமேட் என்ற ரசாயனம் வெளியே கொட்டி, பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். டெல்டா ஏற்பி தூண்டப்பட்டால் சோடியம் நுழையும் ஓட்டை சிறுக்கிறது, படகு மூழ்கத் தாமதமாகிறது. எலி, சுண்டெலி மூளைகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

வட அமெரிக்காவில், பனி மூடிய குளத்தின் அடியில் மூச்சே விடாமல் குளிர்காலத்தைக் கழிக்கும் நன்னீர் ஆமைகள் உண்டு. அவற்றின் மூளையில் டெல்டா ஏற்பிகள் எலி மூளையில் இருப்பதைவிட மிக அதிகம், மியூ குறைவு. ஆமையின் பொறுமைக்கு இது மட்டுமே காரணமில்லை என்றாலும், எனக்குப் பிடித்த காரணம் இது.

ஆனால் உங்கள் வீட்டு ட்ரமடால் வேலை செய்வது முக்கியமாக மியூ ஏற்பியில். மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் செல்களிலும் மியூ உண்டு. அதை அதிகம் தூண்டினால் மூச்சு மந்தமாகும். ஆக்சிஜனுக்குத் தவிக்கும் மூளைக்கு அதைவிடக் கெடுதல் வேண்டுமா? ட்ரமடால் வலிப்பையும் வரவழைக்கலாம். டெல்டாவை மட்டும் தூண்டிப் பக்கவாதத்தைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை.

இன்னொன்று, பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனே குறைந்திருக்கலாம். மாத்திரை மட்டுமல்ல, பதற்றத்தில் நாம் ஊற்றும் காபியும் சோடாவும்கூட மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ வாயில் எதையும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். அப்பா கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.