சார்பினுள் சார்பு: ஏற்றமும் இறக்கமும்

இரண்டு இறங்கு சார்புகளைச் சேர்த்தால் ஏறு சார்பு கிடைக்கும் என்னும் விதியை மாணவர் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அதன் பொருளோ உயரமான முகாம்களில் சமைத்துண்ணும் களப்பணியாளருக்கே நன்கு விளங்கும்.

மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. அதனுடன் நீரின் கொதிநிலையும் தாழ்கிறது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் நீர் 88 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். கொதிநிலை தாழ்ந்தால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் நேரம் நீளும். உயரம் கூடக் கொதிநிலை இறங்குகிறது. கொதிநிலை கூடினால் வேகும் நேரம் இறங்கும். ஆகவே உயரம் கூட நேரம் ஏறுகிறது. வகைக்கெழுக்களைப் பெருக்குங்கால் இரண்டு குறைக்குறிகள் மிகைக்குறியாவது இதுவே.

இவ்விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பெரும்பாலும் மறக்கப்படுவதும் அதுவே. உட்சார்பின் மதிப்புகள் யாவும், புறச்சார்பு ஒரே போக்கில் செல்லும் இடைவெளிக்குள் அடங்கியிருத்தல் வேண்டும். ஒரு கலத்திலுள்ள நீர் 10 பாகையிலிருந்து சீராகக் குளிர்வதாகக் கொள்வோம். காலம் செல்ல வெப்பநிலை இறங்குகிறது; அடர்த்தி ஏறுகிறது. ஆயின் ஏறத்தாழ 4 பாகையைக் கடந்தபின், வெப்பநிலை தொடர்ந்து இறங்கினும், அடர்த்தி குறையத் தொடங்குகிறது. உட்சார்பு திரும்பவேயில்லை; சேர்ப்புச் சார்பு திரும்பிவிட்டது! ஏரிகள் மேற்பரப்பிலிருந்து உறைவதற்கு இத்திருப்பமும் ஒரு காரணம்.

10 முதல் 0 பாகை வரை ஒரே இடைவெளியாகக் கொண்டு குறிகளைப் பெருக்கும் மாணவன், அடர்த்தி முழுவதும் ஏறுகிறது என்றே எழுதுவான். 4 பாகையில் இடைவெளியைப் பிரித்து, இருபுறமும் குறியைத் தனித்தனியே காணுமாறு அவனைப் பழக்குதல் வேண்டும்.