ஒரு பயணமும் ஓர் அறிக்கையும்

முன்னுரை

தூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, தூது செல்வோர்க்குரிய தகுதிகளுள் சொல்வன்மையையும் ஒன்றாக வைத்தார். இக்காலத்தில் நாட்டுத் தலைவர்களே நேரிற் செல்கின்றனர். எனினும் இரு நாட்டு உறவு சொல்லின்மீதே நிற்கின்றது என்னும் உண்மை மாறவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் 1972ஆம் ஆண்டு மேற்கொண்ட சீனப் பயணத்தைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

பயணத்தின் பின்னணி

1949ஆம் ஆண்டு மக்கள் சீனக் குடியரசு தோன்றியது. அமெரிக்கா அதனை ஏற்காது, தைவான் தீவிற்குச் சென்றுவிட்ட சியாங் கை ஷேக்கின் அரசையே சீன அரசாகக் கொண்டது. கொரியப் போரில் (1950-1953) அமெரிக்கப் படையும் சீனப் படையும் நேருக்கு நேர் பொருதன. அதன்பின் இருபது ஆண்டுகள் பகையே நீடித்தது.

1969 மார்ச்சுத் திங்களில் உசூரி ஆற்றில் சோவியத்துப் படையும் சீனப் படையும் மோதின. சீனம் புதிய நட்பைத் தேட வேண்டியதாயிற்று. வியட்நாம் போரிற் சிக்கிய அமெரிக்காவும் வழி தேடிக்கொண்டிருந்தது. 1971 ஏப்ரலில் அமெரிக்க மேசைப்பந்தாட்டக் குழுவினர் சீனம் சென்றனர். அவ்வாண்டு சூலையில் நிக்சனின் ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர், பாகிஸ்தானிலிருந்து மறைவாகப் பீகிங் சென்று திரும்பினார்.

இவ்வழியைத் திறந்துவைத்தவர் பாகிஸ்தானின் அந்நாள் தலைவர் யாகியா கான். அவருடைய படை அப்போது கிழக்குப் பாகிஸ்தானில் இழைத்துவந்த கொடுமைகளை நிக்சன் அரசு கண்டிக்க முன்வரவில்லை. இருவர் நட்பிற்கு வேறொரு மக்கள் விலை கொடுத்ததனை நாம் மறத்தலாகாது.

பயணமும் அறிக்கையும்

1972 பிப்ரவரி 21ஆம் நாள் நிக்சன் பீகிங் வந்திறங்கினார். வரவேற்க வந்த தலைமை அமைச்சர் சூ என்லாயை நோக்கித் தாமே கை நீட்டினார். அன்றே மா சே துங்கையும் சந்தித்தார். இரு நாடுகளுக்குமிடையே தூதரக உறவே இல்லாத காலத்தில் இச்சந்திப்பு நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

பயணத்தின் இறுதியில் ஷாங்காய் நகரில் கூட்டறிக்கை வெளியாயிற்று. இத்தகைய அறிக்கைகள் வேற்றுமைகளை மறைத்து ஒற்றுமையை மட்டும் பேசுதல் வழக்கம். 1971 அக்டோபரில் கிஸ்ஸிங்கர் கொணர்ந்த வரைவும் அவ்வாறே அமைந்திருந்தது. சூ என்லாய் அதனை மறுத்தார். அவரவர் கருத்தை அவரவரே வெளிப்படையாக எழுதுவோம் என்றார். அவ்வாறே வியட்நாம், கொரியா, தைவான் ஆகியவை பற்றி இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டைத் தனித்தனியே எழுதின. உடன்பட்டவையும் அவ்வறிக்கையில் கூறப்பட்டன.

சொல்லின் எடை

தைவான் சிக்கலே மிகக் கடினமானது. அது சீனத்தின் ஒரு மாநிலமே என்று சீனம் உறுதியாக எழுதியது. அமெரிக்காவோ, சீனம் ஒன்றே என நீரிணையின் இருபுறத்துச் சீனரும் கருதுவதனை அறிந்திருப்பதாகவும், அக்கருத்தை மறுத்துரைக்கவில்லை என்றும் மட்டுமே கூறியது. ‘அறிகின்றோம்’ என்பது வேறு. ‘ஏற்கின்றோம்’ என்பது வேறு. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிறு வெளியில்தான் இருவரும் நிற்க இடம் கிடைத்தது.

ஏழாண்டுகட்குப்பின், 1979 சனவரி முதல் நாள் முழுமையான தூதரக உறவு மலர்ந்தது. அப்போதைய அறிக்கையின் ஆங்கிலப் பாடத்தில் பழைய சொல்லே நின்றது. சீனப் பாடத்திலோ ‘ஏற்றல்’ என்றும் பொருள்படும் வேறொரு சொல் இடம்பெற்றது. ஆங்கிலப் பாடமே தம்மைக் கட்டுப்படுத்தும் என்றது அமெரிக்கத் தரப்பு. அச்சொல்லைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

முடிவுரை

இப்பயணம் பகையை ஒரே வாரத்தில் நட்பாக்கிவிடவில்லை. வேற்றுமையை வேற்றுமை என்றே ஒப்புக்கொண்டமையால் பேச்சுத் தொடர வழி பிறந்தது. பொய்யான உடன்பாட்டினும் நேர்மையான கருத்து வேறுபாடு நெடுநாள் நிலைக்கும் என்பது இதனால் பெறப்படும். மேலும், மொழிபெயர்ப்பில் மாறிய ஒரு சொல் இரு பேரரசுகளை அரை நூற்றாண்டாக வாதிட வைத்திருக்கின்றது. மொழி பயிலும் மாணவர்களாகிய நாம், நம் கையிலுள்ள கருவி எத்துணைக் கூரியது என்பதனை உணர இவ்வொன்றே போதும்.