வீட்டில் வளர்த்தற்குரிய சிறு கிளிகளை வாங்கும் முறை

தானியக் கொல்லையில் கிளியைப் பகையெனக் கருதித் துரத்தும் குடியானவரும், தம் வீட்டுத் திண்ணையில் ஒரு கிளிக்கூண்டு தொங்குவதை விரும்புவர். பெரும்பாலும் குழந்தைகளின் வற்புறுத்தலே இதற்குக் காரணம். சந்தையில் கண்ட மாத்திரத்தில் வாங்கிய பட்சி சின்னாளில் மடிவதும், அதனோடு வந்த நோய் கோழிக்கொட்டகையிற் புகுவதும் உண்டாகையால், சிறு கிளிகளை வாங்குவோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள் ஈண்டுக் கூறப்படுகின்றன.

எந்தக் கிளியை வாங்கலாம் என்பதே முதற் கேள்வி. சோளம், கம்பு முதலியவற்றின் கதிரைக் கொய்து செல்லும் நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்தலும், விற்றலும், கூண்டில் வைத்தலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். பயிருக்கு நஷ்டம் விளைவிக்கும் பட்சி என்பது இதற்குச் சமாதானமாகாது. கிளி ஜோசியர் கையில் அது காணப்படுவதும் அனுமதி உண்டென்பதற்கு அத்தாட்சியன்று. மரப்பொந்துகளிலிருந்து இறகு முளையாத குஞ்சுகளை எடுத்துக் கூடைகளில் விற்போர் கிராமத்திற்கு வந்தால், கிராம அதிகாரிகள் அதை வன இலாகாவுக்குத் தெரிவித்தல் தகும். அவ்வாறு எடுக்கப்படும் குஞ்சுகளிற் பல வழியிலேயே இறந்துபோகின்றன.

வாங்கத்தக்கது ஆஸ்திரேலியா தேசத்துப் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளி. நம் கடைகளில் இதனை ‘லவ் பேர்ட்ஸ்’ என்று அழைப்பது வழக்கமாயினும், அப்பெயர் உண்மையில் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, கட்டை வாலுடைய வேறொரு சாதிக்கு உரியது. இந்தப் பெயர்க்குழப்பம் அற்பமானதன்று. ஆப்பிரிக்கச் சாதியிற் சில இனங்கள் சர்வதேச வர்த்தக உடன்படிக்கைக்கு உட்பட்டவை. அவற்றை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பட்ஜெரிகருக்கு அந்நிபந்தனை இல்லை. 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்னும் பட்சி சாஸ்திரி இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பெருகி வந்துள்ளது. காட்டில் இதன் நிறம் பச்சையும் மஞ்சளுமே. நீலமும் வெள்ளையும் வளர்ப்போர் தெரிந்தெடுத்து நிலைநிறுத்தியவை. ஏறத்தாழ 7 அங்குல நீளமும் 30 முதல் 40 கிராம் எடையும் உடையது.

ஆறு வாரத்திற்கு மேற்பட்டுத் தானே தானியம் கொத்தித் தின்னும் இளம் பட்சியே கைக்கு எளிதிற் பழகும். வயதை விற்பவன் வாய்மொழியால் அறிதல் இயலாது. பட்சியின் நெற்றியே அதனைச் சொல்லும். இளம் பட்சிக்குக் கரிய குறுக்குக் கோடுகள் அலகின் மேற்புறம் வரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதங்களில் முதல் இறகுகள் உதிர்ந்து முளைத்தபின் அவை பின்னடைந்து நெற்றி வெறுமையாகும். குஞ்சின் கண் முழுதும் கரியது. முதிர்ந்ததன் விழியைச் சுற்றி வெண்வளையம் தோன்றும். வெள்ளை மஞ்சள் பட்சிகளில் கோடுகள் தென்படாவாகையால் பெரும்பாலும் கண்ணைக் கொண்டே மதிக்க வேண்டும். மூக்குத் துளைகளைச் சூழ்ந்த சதை, வளர்ந்த ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். குஞ்சுகளில் இவ்வேறுபாடு தெளிவாக இராது. ஆதலின் ‘ஜோடி நிச்சயம்’ என்று கூறிக் குஞ்சுகளுக்கு அதிக விலை கேட்பாரை நம்புதல் வேண்டா.

கூண்டை நெருங்குமுன் சற்று எட்ட நின்று பார்த்தல் நலம். நோயுற்ற பட்சியும் ஆளைக் கண்டவுடன் இறகை ஒடுக்கிச் சுகமாயிருப்பதுபோல் தோன்றும். இது காட்டில் பகைக்குத் தப்பும் பொருட்டு அமைந்த இயல்பு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலில் தூங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கழிவாயில் எச்சம் ஒட்டியிருப்பது, மூக்கில் நீர் வடிவது, அலகோரத்தில் சுண்ணாம்புபோற் பொருக்கு இருப்பது ஆகியவற்றில் ஒன்று காணினும் அதனை மட்டுமன்று, அதே கூண்டிலுள்ள மற்றவற்றையும் விலக்குக. பல ஊர்ப் பட்சிகளை ஒருங்கே அடைத்து விற்கும் கடையினும், தாய் தந்தைப் பட்சிகளைக் காட்டக்கூடிய வளர்ப்பவரிடம் வாங்குதல் மேலானது. குஞ்சுப் பருவத்தில் காலில் மாட்டிய மூடிய வளையத்தில் ஆண்டு பொறித்திருப்பின் வயதுக்கு அதுவே சான்று.

உணவு விஷயத்தில் குடியானவருக்கு ஒரு வசதியும் ஓர் அபாயமும் உண்டு. தினை, சாமை, பனிவரகு ஆகியவை இப்பட்சிக்கு உகந்தவை. அவை நிலத்திலேயே விளைகின்றன. ஆனால் விதைப்பிற்கென மருந்து கலந்து வைத்த தானியத்தில் மிஞ்சியதைக் கூண்டில் இடலாகாது. இவ்வளவு சிறிய உடலுக்கு அற்ப நஞ்சும் போதும். தானியம் மட்டும் போதாது. நன்கு கழுவிய கீரையும், கணவாய் ஓடும் வேண்டும். கூண்டின் கம்பி இடைவெளி அரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. அடுப்பங்கரையிற் கூண்டை வைத்தலும் கூடாது. ஒட்டாத பூச்சிட்ட வாணலி மிகச் சூடேறினால் எழும் ஆவி பட்சிகளை நிமிஷங்களிற் கொல்லும்.

கோழி வைத்திருப்போர் மிகுந்த ஜாக்கிரதையாயிருக்க வேண்டியது வெள்ளைக்கழிச்சல் நோயைப் பற்றி. 1927இல் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டமையால் அவ்வூரின் பெயராலும் வழங்கும் இந்நோய், கிளிகளின் உடலில் வெளித்தோற்றமின்றித் தங்கக்கூடும். சில கிளியினங்கள் ஓராண்டுக்கு மேலும் நோய்க்கிருமியை வெளியிடுகின்றன. 1971இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் இறக்குமதியான கிளிகள் வழியாகப் புகுந்த இந்நோயை ஒழிக்கும் பொருட்டு ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பட்சிகள், பெரும்பாலும் முட்டைக்கோழிகள், கொல்லப்பட்டன. ஆகவே புதிதாய் வாங்கிய கிளியைக் கோழிக்கொட்டகைக்கு எட்டாத இடத்தில் 30 நாள் தனியே வைக்க வேண்டும். நாள்தோறும் கோழிகளின் வேலையை முடித்த பிறகே கிளியைத் தொடுக. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. கூண்டின் கழிவைக் குப்பைமேட்டில் எறிந்தால் கோழிகள் கிளறும். அதைப் புதைத்துவிடல் வேண்டும். தனிமை முடிந்தபின்னும் கிளியைக் கோழிகளோடு கலக்க விடலாகாது. கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருப்பினும் இவ்விதியைத் தளர்த்தற்கில்லை.

மனிதரைப் பற்றும் கிளிக்காய்ச்சல் என்பதும் ஒன்றுண்டு. உலர்ந்த எச்சத்தின் தூளைச் சுவாசிப்பதால் இது வருமாகையால், கூண்டைத் துடைக்குமுன் தரையை நீர் தெளித்து நனைத்துக்கொள்ள வேண்டும். கிளி வாங்கிய சில வாரங்களுக்குள் வீட்டில் எவருக்கேனும் கடும் தலைவலியும் வறட்டிருமலும் கூடிய காய்ச்சல் கண்டால், வீட்டில் புதிய கிளி இருக்கும் செய்தியை வைத்தியரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். காரணம் தெரிந்தால் குணப்படுத்தும் மருந்து உண்டு. கேளாமல் எந்த வைத்தியரும் கிளியைப் பற்றி நினைப்பது அரிது.