இல்லப் பணியும் இளஞ்சிறாரும்

திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து, நாள்தோறும் மலர் கொய்து இறைவனுக்கு மாலை தொடுத்து வந்தார் என்பது மரபு. அந்நந்தவனத்தில் கண்டெடுத்து அவர் வளர்த்த மகளே ஆண்டாள். தந்தையின் அன்றாடப் பணியே மகளுக்கு முதற் கல்வியாயிற்று. பெற்றோரின் சொல்லைக் கேட்டுக் கற்பதினும், அவர்தம் செயலிற் பங்கு கொண்டு கற்பதே பிள்ளைகள் உள்ளத்தில் ஆழப் பதியும்.

இவ்வுண்மையைக் கிறித்தவ அன்னை ஒருவரும் தம் வாழ்வால் விளக்கினார். திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே சென்றால், களக்காட்டுக்கு அருகில் டோனாவூரை அடையலாம். 1867இல் அயர்லாந்தில் எழுவர் மக்களுள் மூத்தவராய்ப் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற சிறுமியரை எடுத்து வளர்க்கலானார். 1918 முதல் ஆண் குழந்தைகளும் அங்கு இடம் பெற்றனர்.

குழந்தைகளை நீராட்டுதல், துணி துவைத்தல், இடத்தைத் துப்புரவு செய்தல் ஆகியவற்றைத் தாழ்ந்த வேலைகளென அன்று பலர் கருதினர். சமயத் தொண்டு புரிய வந்தவர் செவிலித்தாயாகக் காலங்கழித்தல் தகுமோ என்னும் ஐயம் அம்மையாருக்கே எழுந்தது. அப்போது இயேசு பெருமான் அரையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவிய நிகழ்ச்சி அவர் நினைவுக்கு வந்தது. ஐயம் அகன்றது. அன்புடன் செய்யும் எப்பணியும் தாழ்ந்ததன்று என அவர் தெளிந்தார்.

அங்குப் பணிபுரிந்தோர் எவரும் சம்பளம் பெறவில்லை. குழந்தைகள் அவர்களை அக்காள், சித்தி, அண்ணாச்சி என்றே அழைத்தனர். வளர்ந்த பெண்கள் தம்மினும் இளையோரைப் பேணினர். ஏவுவோர், ஏவப்படுவோர் என்னும் வேறுபாடின்றி ஒரு குடும்பம் உருவாயிற்று. அம்மையார் 1951இல் மறைந்தார். அவர் அடக்கம் செய்யப்பெற்ற இடத்தில் பொறிக்கப்பட்ட சொல் 'அம்மை' என்பதே.

இப்பாடம் நம் இல்லங்களுக்கும் உரியது. இராசபாளையத்தில் 1936இல் நூற்பாலை நிறுவப்பட்டது. பின்னர் ஆலைகள் பல பெருகின. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீட்டில், மாலையில் களைத்துத் திரும்பும் தாயே சமைத்து, பாத்திரம் விளக்கி, வீடு பெருக்க வேண்டுமெனில், மற்றவர் அன்பு எத்தகையது? குடத்தில் நீர் நிரப்புதலும், உண்ட தட்டைக் கழுவுதலும், தம்பியைக் கவனித்தலும் சிறுவரால் இயலாதன அல்ல.

பிள்ளைகளைக் கூலிக்கு அனுப்பிப் படிப்பைக் கெடுப்பது கொடுமை. வீட்டுப் பணியில் அவர்களுக்குப் பங்களிப்பது கல்வி. எனினும் அப்பங்கு வயதுக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். தண்டனையாய் அமைதல் கூடாது. பெண்ணுக்குத் துடைப்பத்தையும் ஆணுக்கு ஓய்வையும் அளித்தல் அறமன்று. பெற்றோர் தாமும் உடன் நின்று செய்தல் வேண்டும். சிறு கை உடைக்கும் ஒரு கிண்ணத்திற்காகச் சினந்து அக்கையை விலக்குவோர், உதவும் மனத்தையும் விலக்கிவிடுவர்.

உழைப்பைப் பகிர்ந்துகொள்ளும் இல்லத்தில் அன்பும் பெருகும். அவ்வில்லமே பிள்ளைகளுக்கு முதற் பள்ளி.